திருவலைச் சத்தம் கேட்கும் கோட்டை

நாலு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு இழுப்பு. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். களுவாஞ்சிக்குடியில் நான் இப்போது வாடகைக்கு இருக்கும் அறைக்கும் அவர்களுடைய குசினிக்கும் நடுவில் ஒரு கல் அகலச் சுவர்தான். காலை பத்து மணிக்கு மேல் எதை எழுத உட்கார்ந்தாலும், திருவலையின் இரும்புப் பல் தேங்காய்ப்பாதியின் வயிற்றைச் சுரண்டும் அந்தச் சத்தம் வரிகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். துருவுகிற ஒவ்வொரு கைக்கும் ஒரு தாளம் உண்டு. தேங்காயைத் திருப்பிப் பிடிப்பதற்காகக் கை எப்போது நிற்கிறது என்பதில்தான் ஆளைத் தெரியும். நான் அறிந்த இன்னொரு கை மூன்று இழுத்துவிட்டு நிற்கும். அந்த மூன்றை இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறேன். ஒன்று, காத்தான்குடியில் வாவிப் பக்கமாக இருந்த ஒரு வீட்டின் பின்வளவு. மற்றது ஒரு கோட்டை. அந்தக் கோட்டை பூமியில் எங்கும் இல்லை. கணினித் திரையில் மட்டும் இருந்தது.

அதைக் கட்டியவரைப் பிளான் டீச்சர் என்பார்கள். வீடு கட்டுவதற்கு முன் அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடங்களைக் கீறிக் கொடுப்பது அவருடைய தொழில். கொஞ்சக் காலம் பெண்பிள்ளைகளுக்குக் கணினியில் வரையப் படிப்பித்ததால் டீச்சர் ஆகிப்போனார். எங்கள் பக்கத்தில் ஒருமுறை டீச்சர் ஆனால் கடைசிவரை டீச்சர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர். இருந்தும் நான் டீச்சர் என்றேன், அவர் அக்கா என்றார். நான் அப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன் வேறு வேலை, அதற்கும் முன் வேறு ஊர். எதிலும் மூன்று வருடத்துக்கு மேல் என் கால் தரித்ததில்லை. கவிதை என்றும் வைக்க முடியாத, கதை என்றும் வைக்க முடியாத இரண்டு சின்னப் புத்தகங்கள் எழுதியிருந்தேன். அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் அச்சகத்துக்கு வந்து நின்றார். "அக்கா, செத்துப்போன ஒரு ராணிட கடிதங்கள் வேணும். பன்னெண்டு கடிதம். ஒவ்வொண்டும் ரெண்டு வரிக்கு மேல போகப்படாது. எழுதித் தருவீங்களா?" இப்படி ஒரு வேலையை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஓம் என்றேன்.

இந்த வகை விளையாட்டை ஆடாதவர்களுக்கு ஒரு சொல். பக்கவாட்டில் வெட்டித் திறந்த வீடு போல ஒரு கோட்டை திரையில் தெரியும். இருட்டு, இடிபாடு, கல்லறை, உடைந்த கண்ணாடிச் சாளரம். அதற்குள் ஒரு சிறிய உருவம் ஓடும், தாவும், அடிக்கும். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதலில் கண்ட கதவு பூட்டியிருக்கும். நாலைந்து மண்டபம் தாண்டி ஏதோ ஓர் ஆற்றல் கைக்கு வரும்; இரட்டை உயரம் தாவலாம், அல்லது தண்ணீருக்கடியில் நடக்கலாம். அப்போதுதான் ஆரம்பத்தில் விட்டுவிட்டு வந்த கதவு ஞாபகத்துக்கு வரும். முன்னேறுவது என்பது பெரும்பாலும் திரும்பி வருவதுதான். பெரிய நிறுவனங்கள் செய்வதை டீச்சர் தனி ஆளாக, வரைபடம் கீறும் அதே மேசையில், அதே கணினியில் செய்துகொண்டிருந்தார். வீட்டின் வெட்டுமுகத்தைக் கீறுவது அவருடைய அன்றாடம். கோட்டைக்கும் அது போதுமாக இருந்தது.

எங்கிருந்து இதெல்லாம் வந்தது என்று கேட்டால் சிரிப்பார். சுவரின் தடிப்பும் வௌவால் வாடையும் நகரத்துப் பழைய கோட்டையிலிருந்து. பூட்டுகளின் ஒழுங்கு, எந்தக் கந்தோர் என்றில்லை, அரசாங்கக் கந்தோர்களிலிருந்து. "ஒரு கையெழுத்து கிடைச்சாத்தான் அடுத்த ரூமுக்குப் போகலாம். அங்க போனா, முதல் ரூமுக்கே திரும்பிப் போங்க எண்டுவாங்க. இந்தக் கேம நான் அங்கதான் படிச்சன் அக்கா." கோட்டைக்குள் அலையும் பெண்ணின் கூந்தல் அவிழ்ந்திருந்தால் கிணற்றுக்குள் இருப்பவை அவளைக் கண்டுகொள்ளும், முடிந்து கட்டிக்கொண்டால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. இது பொழுதுபடும் மஃரிபு நேரத்தில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போகாதே என்று அவருடைய உம்மா போட்ட சத்தத்திலிருந்து. மற்றதெல்லாம் அவருடைய ராத்தாவிடமிருந்து.

ராத்தா என்றால் மூத்த சகோதரி. வாப்பா சவூதியிலிருந்து வந்தபோது தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதோடு ஒரேயொரு கைப்பிடி. இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி. சண்டை பிடித்து அலுத்து, ஒன்றாகப் பிடித்துக்கொள்வதென்று தீர்மானித்தார்கள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, இடதுபக்கம் ராத்தாவின் பெருவிரல், வலதுபக்கம் தங்கையின் பெருவிரல். ராத்தா நடத்துவாள், தங்கை தாவி அடிப்பாள். ஒரு பள்ளத்தைத் தாண்ட இரண்டு பேருக்கும் ஒரே கணத்தில் மூச்சு நிற்க வேண்டும். அந்த விளையாட்டுகளில் சில சுவர்களை அடித்தால் உடையும். உள்ளே இறைச்சித் தட்டு இருக்கும், உயிர் கூடும். எந்தச் சுவர் என்று தெரியாது. ராத்தா ஒரு சுவரையும் விடமாட்டாள். "சுவர் எண்டா தட்டிப் பாக்கோணும் புள்ள. சும்மா ஒருத்தனும் சுவர் வெக்கமாட்டான்." இதை டீச்சர் ராத்தாவின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். அவருடைய கோட்டையிலும் சில சுவர்கள் உடைந்தன. உள்ளே இருந்தது இறைச்சித் தட்டு அல்ல. கோப்பையால் மூடிய இடியப்பம்.

நான் மாதத்துக்கு இரண்டு தரம் பேருந்தில் போவேன். முன் கேற்றால் உள்ளே போய், படியில் செருப்பைக் கழற்றி, முன் அறையில் பிளாஸ்டிக் உறை கழற்றாத மெத்தைக் கதிரையில் உட்கார்ந்தால், பின்னல் துணி விரித்த தட்டத்தில் ஒரு கிளாஸ் சோடாவும் இரண்டு பிஸ்கட்டும் வரும். பிறகுதான் மேசைக்குப் போவோம். ஒவ்வொரு தரமும் இப்படித்தான். இதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைதான்.

கடிதங்கள் பன்னிரண்டும் முடிந்த பிறகு என்னை ஆடிப்பார்க்கச் சொன்னார். முதல் மண்டபம் தாண்டினேன். இரண்டாவது மண்டபத்தில் நின்றுவிட்டேன். வெளியே போகும் வழியே இல்லை. வாசல் கதவைத் தள்ளினேன், பூட்டு. மாடத்தில் ஏறினேன், தூண்களை அடித்தேன், ராணியின் படத்தின் பின்னால் தேடினேன். டீச்சர் பக்கத்தில் இருந்து, ஒரு பிள்ளை வாய்ப்பாடு மறந்து நிற்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னகா அக்கா, ஏன் முன்னுக்கே நிக்கிறீங்க?"

"வழி இல்லியே டீச்சர்."

"குசினிக்குள்ள போங்க."

"குசினிக்குள்ள நான் ஏன் போறன்? அது ராணியின்ட மண்டபம்."

"குசினிக்குப் பின்னால, கிணத்தடிச் சுவர். அங்கதான் வழி. வேற எங்க இருக்கும்?"

அந்த 'வேற எங்க இருக்கும்' என்பதில் இருந்த ஆச்சரியம் உண்மையானது. அவர் அதைப் புதிராகவே வைக்கவில்லை. விளையாட்டின் புதிர்கள் ஐந்தாவது மண்டபத்தில்தான் தொடங்குகின்றன என்று நினைத்திருந்தார். காத்தான்குடியில் வீடுகள் பெண்பிள்ளைகளுக்கு. உம்மாவின் வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் இளையவளுக்கு ஒரு வீடு. நடுவில் சுவர், சுவரில் குசினிப் பக்கமாக ஒரு வாசல். வீதிக்கு இறங்காமல், முக்காடு போடாமல், கையில் மூடிய தட்டோடு ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு, ஒழுங்கை என்கிற அந்தச் சந்து முழுவதையும் பெண்கள் பின்பக்கத்தாலேயே கடந்துவிடுவார்கள். முன் கேற் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். சில மைல்களுக்கு அப்பால் பிறந்து, அதே தமிழைப் பேசி, அதே வாவியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. எத்தனை வீட்டுக்குப் போயிருப்பேன்! எல்லாவற்றிலும் சோடா குடித்திருக்கிறேன்.

சில வாரங்களில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்ன விளையாட்டுகளை எடுத்து இணையத்தில் விற்கும் ஒரு சிறிய நிறுவனம். பிடித்திருக்கிறது, ஆனால் ஆடிப்பார்த்த மூன்று பேரும் இரண்டாவது மண்டபத்திலேயே விட்டுவிட்டார்கள். அந்த வழிக்கு ஓர் அம்புக்குறி போட்டால் எடுத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் முடியாது என்றிருந்தது. டீச்சர் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். "அம்பு போட்டா அது களவா வெச்ச வழி மாதிரிப் போயிரும் அக்கா. அது களவு வழியா? அது போற வழி."

"அப்படி ஒரு வாசல நான் கண்டதே இல்ல டீச்சர். உங்கட வீட்டில இருக்கிறதக் காட்டுங்க, பாப்பம்" என்றேன்.

அவர் எழும்பவில்லை. பிறகு எழும்பினார். முதல்தடவையாக முன் அறையைத் தாண்டிப் போனேன். குசினி, அதன் பின்கதவு, கிணறு. கிணற்றுக்கு அப்பால் பூசாத சீமெந்துக் கல் சுவர், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. ஒரு வாசலும் இல்லை.

முன்பு அங்கே பழைய சுவர் இருந்தது, அதில் வாசல் இருந்தது, மறுபக்கம் ராத்தாவின் வீடு. ராத்தாவின் மகளுக்கு அதே வளவில் வீடு எழும்பியபோது பழைய சுவரை உடைத்துப் புதிதாக வைத்தார்கள். பிளான் கீறியது டீச்சர்தான். எல்லைச் சுவரை எப்போதும்போல ஒரே கோடாகக் கீறினார். நடு வாசலை யாரும் பிளானில் காட்டுவதில்லை. அனுமதி கொடுக்கும் சபைக்கு அது தேவையில்லை, ஊர் மேசன்மாருக்குச் சொல்லவும் தேவையில்லை, அவர்களே விடுவார்கள். இந்த முறை வந்தவர் வேறு ஊர்க்காரர், சித்தாண்டி மேசன். நல்ல வேலைக்காரர். பிளானில் உள்ளதை உள்ளபடி கட்டுகிறவர். சுவர் எழும்பிய இரண்டு வாரமும் டீச்சர், மாமிக்குச் சுகமில்லாமல், ஓட்டமாவடியில் நின்றார். திரும்பி வந்து குசினிக் கதவைத் திறந்தால், இது. ராத்தா வேண்டுமென்றே அடைத்துவிட்டார் என்று தங்கை நினைத்தார். தங்கச்சி வேண்டுமென்றே கீறாமல் விட்டுவிட்டுப் போய் ஒளித்துக்கொண்டாள் என்று ராத்தா நினைத்தார். இரண்டு வருடம். ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் முன் கேற்றால்தான் போக வேண்டும். முன் கேற்றால் போவதென்றால் அந்நியம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"இந்தக் கேம் ராத்தாக்குத்தான் தொடங்கினன்" என்றார், கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு. "அவ ஆடாட்டி இது முடிஞ்ச கணக்கில்ல." குரலில் இரக்கம் தேடும் தொனி இல்லை. ஒரு மண்டபத்தின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம். ஒரு முழுத் தேங்காய் துருவி முடியும்வரை இரண்டு பேரும் அந்தக் குருட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த தரம் நான் போனபோது அம்புக்குறி இல்லை. இரண்டாவது மண்டபத்தில், குசினிப் பக்கம் நெருங்க நெருங்க, கல்லுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டது: மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம். சுவரில் தொலைபேசியை வைத்துப் பதிந்திருந்தார்.

நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விளையாட்டின் ஒரு துண்டை முன்னோட்டமாக வெளியிட்டார்கள். ஆடியவர்கள் எழுதியவற்றை டீச்சர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். இதுவரை கேட்டதிலேயே பயங்கரமான சத்தம் என்றான் ஒருவன். ஒரு மனித எலும்பை யாரோ பொறுமையாகச் சுரண்டுகிறார்கள் என்றாள் ஒருத்தி. சத்தம் கேட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டு விளக்கையெல்லாம் போட்டதாக இன்னொருவர். நாங்கள் சிரித்த சிரிப்பில் தட்டத்துச் சோடா சிந்தியது. ஆனால் பயந்தவர்களும் அந்தச் சுவரைத் தட்டினார்கள், வழியைக் கண்டார்கள். அப்பால் அடுப்பு எரிந்துகொண்டிருந்த ஒரு குசினியில், கோப்பையால் மூடிய ஒரு தட்டைக் கண்டு திகைத்தார்கள். இருளுக்குள் இத்தனை நேரம் துருவிக்கொண்டிருந்தது தங்களுக்காகத்தான் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. சிலருக்கு விளங்கியிருக்கலாம்.

அதற்கடுத்த மாதம், அசர் தொழுகைக்குப் பிறகு, நானும் டீச்சரும் மேசையில் இருந்தபோது முன் கேற் மணி அடித்தது. முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்ட ஒரு பெண், கையில் தொலைபேசியோடு. நான் அவரை முன்பு கண்டதில்லை. ஆனாலும் மூக்கு டீச்சருடையது. சலாம் சொன்னார். டீச்சர் பதில் சலாம் சொல்லி, "இரிங்க" என்று பிளாஸ்டிக் உறைக் கதிரையைக் காட்டினார். உள்ளே போனார். தட்டத்தில் சோடாவோடு வந்தார்.

ராத்தா தட்டத்தைப் பார்த்தார். "என்னகா இது? எனக்கும் சோடாவா?"

"முன்னால வாற ஆக்களுக்கு இதுதான்."

நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். போவதற்கு வழி அவர்கள் இருவருக்கும் நடுவால் இருந்தது.

"எண்ட திருவலைய யாரக் கேட்டு எடுத்த?"

"சத்தத்தத்தானே எடுத்தன்."

"பேய் எண்டு பயப்படுறானுகளாமே. மகள் வாசிச்சுக் காட்டினாள், எலும்பு சுரண்டுற பேயாம்." ராத்தாவின் வாயோரம் அசைந்தது, கையால் மூடிக்கொண்டார். "அவள் ஆடினாள். நான் பக்கத்தில இருந்தன். ரெண்டாவது மண்டபத்தில நிண்டு, உம்மா வழியில்ல எண்டாள். அந்தச் சத்தம் வாறதுக்கு முதலே சொல்லிட்டன், குசினிக்குள்ள போடி எண்டு."

டீச்சர் கையிலிருந்த தட்டத்தை மேசையில் வைத்தார். ஆடியவர்கள் எல்லாரிலும், எந்தக் குறியும் இல்லாமல் அந்த வழியைக் கண்ட ஒரே ஆள் எதிரில் இருந்தார்.

"கேமில வாசல் வெக்கத் தெரியிது. ரெண்டு வருசமா ஒரு சுவரத் தட்டிப் பாக்க ஒனக்குத் தெரியல்லியா புள்ள?"

"நீங்க ஏன் தட்டல்ல?"

"பிளான் கீறினது நீ. மேசன் கேட்டாரு, இதில வாசல் விடவா எண்டு. பிளானப் பாருங்க எண்டன். ஒரே கோடு எண்டாரு."

"நான் எப்பவும் ஒரே கோடுதான் கீறுற. ஆருக்கும் அது கீறுறல்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் ராத்தா. "தெரிஞ்சுதான் கோவம்."

பிறகு முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டார். "இப்ப கீறித் தா. கையெழுத்தும் வெச்சுத் தா. அதுக்குப் பொறகுதான் ஒடைப்பன்."

டீச்சர் பழைய பிளானின் பிரதியை எடுத்துவந்து சோடா கிளாசுக்குப் பக்கத்தில் விரித்தார். எல்லைக்கோட்டில் இரண்டரை அடிக்கு அழித்தார். கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டக் கால்வட்டம் ஒன்று கீற வேண்டும். பென்சில் நின்றது. "கதவு ஆரிட பக்கம் திறக்கோணும்?"

"கதவு எதுக்கு? வாசல் போதும்."

கீறத் தொடங்கியிருந்த வளைவை டீச்சர் அழிறப்பரால் அழித்தார். தேவைக்கும் அதிக நேரம் அழித்தார். ராத்தா கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்து, "சூடாப் போயிட்டு" என்று வைத்தார். வந்த வழியால், கேற்றைத் திறந்து, வீதியால் சுற்றித்தான் வீட்டுக்குப் போனார். அப்படிச் சுற்றிப் போனது அது கடைசித் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விளையாட்டு வெளிவந்தது. அதிகம் பேர் ஆடவில்லை. ஆடியவர்கள் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் அச்சகத்தை விட்டேன், நகரத்தை விட்டேன். டீச்சர் பிள்ளைகளோடு கணவர் வேலை செய்யும் கட்டாருக்குப் போகத் தீர்மானித்தார். அங்கே அடுக்குமாடியாம். பின்கதவு என்ற ஒன்றே கிடையாதாம். விளையாட்டு இன்னும் என் கணினியில் இருக்கிறது. சில காலைகளில் இரண்டாவது மண்டபம்வரை போய், சுவரோரம் நின்று, தட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். திரைக்குள் மூன்று, அறைச் சுவருக்குள் நாலு. இந்த நாலு இழுப்புக்காரரின் முகம் எனக்குத் தெரியாது. அவர்களுடைய வீட்டில் முன் கேற்றின் நிறம் மட்டும் தெரியும்.

டீச்சர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் போயிருந்தேன். பெட்டிகள் கட்டியிருந்தன. கதிரைகளை ராத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால் குசினிப் பலகையில் உட்கார வைத்தார். அன்று சோடா இல்லை. தட்டமும் கட்டிய பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குள் இருந்தது. வெறுந்தேநீரை ஒரு கோப்பையில் ஊற்றிக் கையில் தந்தார். பின்கதவு திறந்திருந்தது. கிணற்றுக்கு அப்பால், சுவரில் இரண்டரை அடி வெளிச்சம். அதன் வழியாக மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம். பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. பேருந்துக்கு நேரமானதும் எழும்பி, பழக்கத்தில், முன்படிக்குப் போய்க் காலைச் செருப்புக்குள் நுழைத்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, அங்கால போகாதீங்க. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு இஞ்சால வாங்க. ராத்தாட ஊட்டுக்குள்ளால போனா பஸ்ஸுக்குக் கிட்ட."